ஐஸ் பெட்டிக்குக் கடன் கொடுத்தால் கட்டுப்படியாகுமா?

கேள்வி, செந்தூலில் இருந்து
8 ஆகஸ்ட் 2025

என் அக்கா மகன் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் இருக்கிறான். அங்கே 2011இல் மாநில அரசே ஒரு பசுமை வங்கி தொடங்கி, வீட்டில் கரண்ட் மிச்சமாகிற மாதிரி வேலை செய்துகொள்ளக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழி செய்திருக்கிறது. சம்பளம் குறைந்தவர்களுக்கும் உண்டாம். நம் மலேசியாவில் பி40, அதாவது வருமானத்தில் கீழே இருக்கிற 40 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு ஏன் அப்படி ஒன்று இல்லை? ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டி வாங்கக் கடன் கொடுக்கட்டும். மிச்சமாகிற பில் காசிலேயே கடனைக் கட்டிவிடலாமே. நான் சொல்வதில் என்ன தப்பு?

9 ஆகஸ்ட், இரவு

தப்பில்லை அண்ணே. ஆனால் "பில் காசிலேயே கட்டிவிடலாம்" என்ற இடத்தைக் கணக்குப் போடாமல் தாண்டிவிட்டீர்கள்.

நான் பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஒரு மலிவு விலை அடுக்குமாடியில் மேல்மாடிக்காரி. எங்கள் பிளாக் நிர்வாகக் குழுவுக்கு ஒன்பது வருஷமாகப் பொருளாளர். அதற்கு முன் 22 வருஷம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நின்றுகொண்டே வேலை பார்த்தவள். கணக்கு என்று வந்தால் கை சும்மா இருக்காது.

எங்கள் வீட்டுக்கு மாதம் 280 யூனிட் ஓடுகிறது. முதல் 200 யூனிட்டுக்கு 21.8 காசு, அடுத்த 80க்கு 33.4 காசு. மொத்தம் 70 வெள்ளி (ரிங்கிட்) 32 காசு. பழைய இரண்டு கதவு ஐஸ் பெட்டி மாதம் 60 யூனிட் தின்கிறது. புதுசு 30 யூனிட்டில் ஓடும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 30 யூனிட், காசாக 10 வெள்ளி 2 காசு. பெட்டி விலை 1,500 வெள்ளி. அப்படியானால் 150 மாதம். பன்னிரண்டரை வருஷம், அதுவும் வட்டியே இல்லாமல். அதற்குள் புதுப் பெட்டியும் கிழடாகிவிடும்.

அங்கே கணக்கு வேறு. குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கவே பணம் கொட்டுகிறது, சுவருக்குள்ளே பஞ்சு அடைத்தால் ஒரே பருவத்தில் வித்தியாசம் தெரியும். நம் வீட்டில் என்ன இருக்கிறது? ஐஸ் பெட்டி, மூன்று காற்றாடி, ரைஸ் குக்கர், குளிக்கிற இடத்தில் ஒரு ஹீட்டர்.

10 ஆகஸ்ட்

மேலே போட்ட கணக்கு பழைய கட்டணத்தில். ஜூலை 1ஆம் தேதியே மாறிவிட்டது. பொருளாளர் என்று பீற்றிக்கொண்ட மறுநாளே இப்படி. சுட்டிக்காட்டிய பட்டர்வொர்த் தம்பிக்கு நன்றி, ஆனால் மூன்று சிரிப்புப் படம் கொஞ்சம் அதிகம்.

புது முறையில் மின்சாரத்துக்கு 27.03 காசு, மின்நிலையக் கொள்ளளவுக்கு 4.55, மின்கம்பி வலையமைப்புக்கு 12.85. கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 காசு. பயந்துவிடாதீர்கள், 1,000 யூனிட்டுக்குள் இருக்கிற வீட்டுக்குச் சிக்கன ஊக்கத்தொகை என்று கழித்துக் கொடுக்கிறார்கள். 251இல் இருந்து 300 யூனிட் வரை போனால் யூனிட்டுக்கு 22.5 காசு கழிவு, 201இல் இருந்து 250 வரை என்றால் 24.5 காசு. கழிவு கடைசிப் படிக்கு மட்டும் இல்லை, ஓடின அத்தனை யூனிட்டுக்கும்.

ஆக 280 யூனிட்டுக்கு 61 வெள்ளி 40 காசு. 250க்கு இறக்கினால் 49 வெள்ளி 83 காசு. மிச்சம் 11 வெள்ளி 57 காசு. நேற்றுச் சொன்னதைவிட ஒன்றரை வெள்ளி கூட. 1,500 வெள்ளிக்கு 130 மாதம். இப்போதும் பதினோரு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட. என் முடிவு மாறவில்லை, ஆனால் எண்ணைத் தப்பாகச் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன்.

10 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

ஏர்கோன் போடுகிற வீட்டுக்கும் பார்த்தேன். 650 யூனிட் ஓடினால், பத்து வெள்ளி சில்லறைச் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து 250 வெள்ளிக்கு மேல். 600க்கு இறக்கினால் அந்தப் பத்து வெள்ளியும் கிடையாது, 212 வெள்ளி 58 காசு. 50 யூனிட்டுக்கு 37 வெள்ளி மிச்சம், வரியெல்லாம் தனி. அந்த வீட்டில் கடன் தானாகவே கட்டுப்படியாகும். எங்கள் பிளாக்கில் அப்படி எத்தனை வீடு என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். உங்கள் திட்டம் தாமான் (தரைவீட்டுக் குடியிருப்பு) வீட்டுக்காரருக்கு ரொம்பப் பொருந்தும். கேட்டது பி40க்கு.

12 ஆகஸ்ட்

"அப்படியானால் அரசு பணமே போட வேண்டாமா" என்று செந்தூல் அண்ணன் கோபமாகக் கேட்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை. பணம் எந்த வாசலில் போய் நிற்கிறது என்பதுதான் என் பேச்சு.

கனெக்டிகட்டில் பசுமை வங்கி எல்லாக் கடனையும் தானே கொடுப்பதில்லை. வீட்டுக் கடன் திட்டத்தில் உள்ளூர் வங்கியும் கடன் சங்கமும் கொடுக்கின்றன. கொடுத்தது மூழ்கினால் நஷ்டத்தில் ஒரு பங்கை ஏற்க அரசுப் பணம் பின்னால் ஒதுங்கி நிற்கிறது. அந்தத் தைரியத்தில்தான் வட்டியைக் குறைக்கிறார்கள், பழைய கடன் கணக்கு கொஞ்சம் அழுக்காக இருந்தாலும் பார்க்கிறார்கள்.

இந்த வித்தை நமக்குப் புதுசு இல்லை. 2010இல் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம் வந்தபோது, கடனில் 60 விழுக்காட்டுக்கு அரசு உத்தரவாதம், வட்டியில் 2 விழுக்காட்டை அரசே ஏற்கும் என்றார்கள். யாருக்கு? கம்பெனிகளுக்கு. வீட்டுக்காரருக்கு வந்தது சேவ் திட்டம். 2021இல் நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டிக்கோ ஏர்கோனுக்கோ 200 வெள்ளிக் கழிவு. நல்ல காரியம்தான். ஆனால் 200 வெள்ளிக் கழிவு வாங்க மிச்ச 1,300 வெள்ளி கையில் இருக்க வேண்டும். இருக்கிறவன் வாங்கினான், இல்லாதவன் கடை விளம்பரத்தைப் பார்த்தான்.

எனக்கும் கிடைக்கவில்லை. காரணம் பணம் இல்லை. ஒரு மின்கணக்குக்கு ஒரு கழிவு, எங்கள் கணக்கோ மாமனார் பெயரில். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல். எல்.எல்.என். என்ற பழைய மின்வாரியம் 1990இலேயே தெனாகா ஆகிவிட்டதைக் கடைசிவரை ஒத்துக்கொள்ளாமல் "எல்.எல்.என். பில் வந்துவிட்டதா" என்றே கேட்டவர். பெயரை மாற்ற இறப்புச் சான்றிதழைத் தேடிய கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். கிடைத்தது, அரிசி டின்னுக்கு அடியில். அதற்குள் ஒதுக்கீடு முடிந்துபோனது.

13 ஆகஸ்ட்

கேட்டார்கள்: ஏன் பெயரை முன்பே மாற்றவில்லை? சோம்பேறித்தனம். வேறு காரணம் இல்லை.

20 ஆகஸ்ட்

கடனை பில்லோடு சேர்த்து வசூலிப்பதைப் பற்றி இங்கே நிறையப் பேச்சு. தம்பி ஒருவர் "உலகம் முழுக்க வெற்றி" என்று எழுதியிருக்கிறார். கொஞ்சம் பொறுங்கள்.

பிரிட்டனில் 2013இல் கிரீன் டீல் என்று தொடங்கினார்கள். கடன் வீட்டு மின்கட்டணத்திலேயே ஏறும். "தங்க விதி" என்று ஒன்றும் வைத்தார்கள்: மாதத் தவணை, எதிர்பார்க்கிற மிச்சத்தைத் தாண்டக் கூடாது. நல்ல விதி. ஆனால் வட்டி கூட, ஆள் வரவில்லை. 2015 ஜூலையில் அரசு அதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. அதே தங்க விதியை ஆயர் ஈத்தாமுக்குக் கொண்டுவந்தால், என் 11 வெள்ளி 57 காசுக்கு மேல் தவணை போடக் கூடாது. எந்த வங்கிக்காரன் 11 வெள்ளித் தவணைக்கு ஃபைல் திறப்பான்?

மெக்சிகோ கதை இன்னும் சுவை. 2009இல் இருந்து பழைய ஐஸ் பெட்டியையும் ஏர்கோனையும் வாங்கிக்கொண்டு புதுசு கொடுத்தார்கள். கொஞ்சம் மானியம், மிச்சத்துக்கு மின்கட்டணத்தில் கழிகிற மலிவுக் கடன். பத்து லட்சத்துக்கும் மேலான பெட்டிகள் மாறின. அப்புறம் பொருளியல்காரர்கள் பில்லைப் பிரித்துப் பார்த்தார்கள். ஐஸ் பெட்டி மாற்றிய வீட்டில் மின்சாரம் 8 விழுக்காடு குறைந்தது, எதிர்பார்த்ததில் கால்வாசிதான். ஏர்கோன் மாற்றிய வீட்டிலோ ஏறிவிட்டது! புது ஏர்கோன் சிக்கனமானது என்று தெரிந்ததும் கூடுதல் நேரம் போட்டிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மேல்மாடியில் மத்தியானம் இரண்டு மணிக்கு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் புரியும்.

அமெரிக்காவிலும் எல்லாம் தேன் இல்லை. 2022 சட்டத்தில் பசுமைக் கடன்களுக்காக 2,700 கோடி டாலர் ஒதுக்கினார்கள். 2025இல் புது நிர்வாகம் அதைப் பிடித்து நிறுத்தியது, விவகாரம் கோர்ட்டுக்குப் போனது.

31 ஆகஸ்ட்

மெர்டேக்கா (சுதந்திர தின) லீவு, என் கூடப்பிறந்த தம்பி வீட்டுக்கு வந்தான். ஏர்கோன், ஐஸ் பெட்டி ரிப்பேர் பார்க்கிறவன். நான் மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்ததைச் சோறு சாப்பிட்டுக்கொண்டே படித்துவிட்டு, பையில் இருந்து ஒரு வெள்ளி நோட்டை எடுத்து என் ஐஸ் பெட்டிக் கதவிடுக்கில் வைத்து மூடினான். இழுத்தான். வெண்ணெயில் கத்தி மாதிரி வந்தது நோட்டு.

"அக்கா, பெட்டி நல்லா இருக்கு. ரப்பர் செத்துப் போச்சு."

கதவைச் சுற்றியிருக்கிற ரப்பர் பட்டை. கீழ் மூலையில் கறுத்து, இறுகி, ஒரு விரல் நீளத்துக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. ஒரு வருஷமாக அந்த மூலையில் தண்ணீர் கோத்துக்கொண்டிருக்கிறது, நான் தினமும் துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். குளிர் வெளியே போகிறது என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. 280 யூனிட்டைக் காசு சுத்தமாகக் கணக்குப் போட்டவள்!

5 செப்டம்பர்

ரப்பர் மாற்றியாகிவிட்டது. பட்டைக்கு 80 வெள்ளி, கூலி ஒரு தட்டு மீன் கறி. சுடுதண்ணீரில் ஊறவைத்து நெளிவு எடுத்து, காடியில் அழுத்தி அழுத்திப் பொருத்தினான். பெட்டிக்குப் பின்னால் கம்பி வலையில் இருந்த தூசியை அவன் பிரஷ்ஷால் தள்ளியபோது விழுந்ததைப் பற்றி எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு கரண்டியும் கிடைத்தது.

பிளக்கில் செருகுகிற மீட்டர் தம்பி கொடுத்தான். முன்பு ஒரு நாளைக்கு 2.1 யூனிட். இப்போது 1.5. மாதம் 18 யூனிட் மிச்சம். ஹாலிலும் அடுப்படியிலும் சோக் வைத்த மூன்று பழைய டியூப் லைட் இருந்தன, ஒன்று 45 வாட். 18 வாட் எல்இடி ஆக்கினேன், மூன்றுக்கும் 45 வெள்ளி. தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் மாதம் 12 யூனிட் மிச்சம்.

18ம் 12ம் 30. 1,500 வெள்ளிக் கடன் வாங்கிச் செய்ய நினைத்ததை 125 வெள்ளியில் செய்தாகிவிட்டது. 11 வெள்ளி 57 காசு வீதம் பதினோரு மாதத்தில் போட்ட காசு திரும்பும். இந்த 125 வெள்ளிக்குக் கழிவும் இல்லை, கடனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. பட்டையை மாற்றினால் ரிப்பன் வெட்ட முடியாது, அதுதான் காரணமோ என்னவோ.

அரசுப் பணத்தை முதலில் இங்கே போடுங்கள் என்கிறேன். ஒரு லோரி, இரண்டு பொடியன்கள், விதவிதமான ரப்பர் பட்டை, டியூப் லைட். பிளாக் பிளாக்காகப் போகட்டும். கடன் பாரமே வேண்டாம்.

7 செப்டம்பர்

கூலியில்லாமல் தம்பி செய்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று பட்டர்வொர்த் தம்பி. சரி, வெளியாள் என்றால் கூலி 60, 70 ஆகும். பதினோரு மாதம் பதினேழு மாதம் ஆகட்டும். மீன் கறியைச் சேர்க்க மாட்டேன்.

16 செப்டம்பர்

மேல்மாடிச் சூட்டைப் பற்றி யாருமே பேசவில்லை. பேசியும் பயனில்லை என்று தெரிந்துதான் போல. கூரை என் வீட்டுக்கு மேல் இருக்கிறது, ஆனால் அது என்னுடையது இல்லை, பிளாக்குக்குப் பொது. எனக்குத் தனியாகப் பசுமைக் கடன் கொடுத்தால் நான் கூரையில் ஏறி வெள்ளை அடிக்க முடியுமா? வாடகைக்கு இருப்பவர்கள் நிலை இன்னும் மோசம். கோலாலம்பூரில் மாதம் 124 வெள்ளி வாடகை கட்டும் பிபிஆர் (அரசு மலிவு வாடகை அடுக்குமாடி) குடும்பம் சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கும்.

பினாங்கில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. மலிவு விலை அடுக்குமாடியில் லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை மாதிரிப் பொதுச் சொத்தைப் பழுதுபார்க்க மாநில அரசு 80 விழுக்காடு வரை கொடுக்கும் பராமரிப்பு நிதி. கடன் இல்லை. மிச்ச 20ஐக் குடியிருப்பவர்கள் போட வேண்டும். கூரைக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சும் அதிலேயே சேரட்டும், மேல்மாடிக்காரர் எல்லாருக்கும் ஒரே அடியில் பயன்.

அந்த 20ஐ வசூலிப்பது யார் என்று கேளுங்கள். நான்தான். கீழ்மாடிக்காரர் ஒருவர் "கூரை ஒழுகினால் எனக்கென்ன, நான் மூன்றாம் மாடி" என்றார். 

29 செப்டம்பர்

பில் வந்தது. 253 யூனிட்.

மகன் ஒரு வாரம் வந்து தங்கி, பகலெல்லாம் காற்றாடியும் கம்ப்யூட்டரும் ஓடின. 253க்கு 55 வெள்ளி 48 காசு. 250இல் நின்றிருந்தால் 49 வெள்ளி 83 காசு. மூன்று யூனிட்டுக்கு 5 வெள்ளி 65 காசு! பெற்ற பிள்ளையிடம் கேட்கவா முடியும்? கேட்டேன். சிரித்தான்.

12 அக்டோபர், ஞாயிறு

தீபாவளிக்கு எட்டு நாள். பதினான்காம் மாடி அக்காவின் ஐஸ் பெட்டி காலையில் நின்றுவிட்டது. முறுக்குக்கும் அதிரசத்துக்கும் ஆர்டர் எடுத்து விற்கிறவர். உள்ளே வெண்ணெய், தேங்காய்ப்பால், மாவு, அக்கா வீட்டு அண்ணனுடைய இன்சுலின். இன்சுலினை என் வீட்டுக்கு எடுத்துவந்தோம், வெண்ணெயை எதிர்வீட்டுச் சீனத்துப் பாட்டி வாங்கி வைத்துக்கொண்டார். தம்பி வந்து தட்டிப் பார்த்தான். கம்ப்ரசர் போய்விட்டது, இனி ரப்பர் மாற்றி ஆவதற்கு ஒன்றும் இல்லை.

மத்தியானம் அக்கா தவணைக் கடைக்குப் போய்விட்டு வந்தார். விலை 1,699 வெள்ளிப் பெட்டி, மாதம் 90 வெள்ளி, 36 மாதம். கூட்டிப் பாருங்கள், 3,240. முன்பணம் வேண்டாம், இன்றே லோரியில் வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கேட்க வந்தார்.

இரண்டு மாதமாக நான் இங்கே "கடன் கட்டுப்படியாகாது" என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்கா கடன் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்கவில்லை. இந்தக் கடனா, வேறு கடன் இருக்கிறதா என்று கேட்டார்.

14 அக்டோபர்

செந்தூல் அண்ணே, பாதி உங்கள் பக்கம் வருகிறேன்.

ஓடுகிற பெட்டியை எந்த ஏழையும் நட்சத்திரத்துக்காக மாற்ற மாட்டான், அங்கே என் 130 மாதக் கணக்கு சரி. ஆனால் செத்த பெட்டிக்கு அந்தக் கணக்கே தப்பு. எப்படியும் ஒன்று வாங்கித்தான் ஆக வேண்டும். அப்போது மிச்சம் கரண்ட்டில் மட்டும் இல்லை, வட்டியிலும் இருக்கிறது. 1,700 வெள்ளியை ஆண்டுக்கு 4 விழுக்காடு நிலை வட்டியில் (கட்டக் கட்டக் குறையாமல் முழுத் தொகைக்கும் போடுகிற வட்டி) 24 மாதத்துக்குக் கொடுத்தால் மொத்தம் 1,836, மாதம் 76 வெள்ளி 50 காசு. தவணைக் கடையைவிட 1,404 வெள்ளி குறைவு, ஒரு வருஷம் முன்பே முடியும். ஐந்து நட்சத்திரத்துக்கு மட்டும்தான் இந்தக் கடன் என்றால் நட்சத்திரமும் தானாக வரும்.

கம்பெனிக்குக் கொடுத்த அந்த 60 விழுக்காட்டு உத்தரவாதத்தை இந்தச் சின்னக் கடனுக்குக் கொடுங்கள். ஏழை கட்ட மாட்டான் என்கிறவர்களுக்கு: 1960இல் அன்றைய அமைச்சர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டத்துப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டுத் தோட்டமே வாங்கினார்கள். என் அம்மாவின் பாஸ் புத்தகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரே நிபந்தனை, கடன் அன்றைக்கே கிடைக்க வேண்டும். சம்பளச் சீட்டு மூன்று மாதத்துக்கு, வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு, சிசிரிஸ் (பழைய கடன் பதிவு) பார்த்துப் பதினான்கு வேலை நாளில் பதில் என்றால், வெண்ணெய் உருகி வழிந்துவிடும். முறுக்கு விற்கிறவருக்குச் சம்பளச் சீட்டு யார் கொடுப்பார்?

14 அக்டோபர், இரவு

கடைசியில் என்ன ஆனது என்று கேட்கிறார்கள். எங்கள் பிளாக்கில் கூட்டு (சீட்டு) போடுகிறோம் என்று நான் சொல்லவில்லை, ஏனென்றால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தடை. பன்னிரண்டு பேர் மாதம் 150 வெள்ளி போடுகிறார்கள் என்றும், இந்த மாதம் என் முறை என்றும், அதை அக்காவுக்கு விட்டுக்கொடுத்தேன் என்றும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1,800 வெள்ளி, வட்டி இல்லை, ஃபாரம் இல்லை, மாடிப்படியிலேயே ஒப்புதல்.

15 அக்டோபர்

பெட்டி வந்துவிட்டது. ரொக்கம் என்றதும் அதே பெட்டியை இன்னொரு கடையில் 1,580க்குக் கொடுத்தார்கள். ஆனால் மூன்று நட்சத்திரம்தான். ஐந்து நட்சத்திரம் வேண்டுமென்றால் தீபாவளி கழித்து வியாழக்கிழமைதான் டெலிவரி என்றார்கள், அக்கா காத்திருக்கவில்லை.

மீட்டரை அங்கே செருகியிருக்கிறேன். அதிரச மாவு உள்ளே இருப்பதால் ஒரு வாரத்துக்குக் கதவை மணிக்குப் பத்து தடவை திறப்பார்கள், இப்போது எடுக்கிற எண் எதற்கும் உதவாது. தீபாவளி முடிந்து எண்ணைப் போடுகிறேன். இன்சுலின் இன்னும் என் பெட்டியில்தான் இருக்கிறது, அண்ணன் காலையில் வந்து கதவைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு 250 ஞாபகம் வருகிறது.